குட்டு வரிசை

ஜூன் 12, வியாழன்

மழை வருகிற மாதிரி பாவலா காட்டிவிட்டுப் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை. ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், அவன் வருவதற்குள் கார்த்திகை பிறந்துவிடும்.

இந்த வருடமும் எனக்கு நாலாம் வகுப்புதான். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் என்னை எதிலாவது மாட்டிவிடக் கங்கணம் கட்டிக்கொண்டு சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது, மனம் நோகப் பேசக் கூடாது. எச்.எம். சத்தமாக வாசித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நான் கண்ணாடி கூடப் போடாமல் போட்டுக்கொடுத்தேன். எனக்கென்ன பயம்? இந்த ஐயாத்துரை பிள்ளைகள் மேல் கை வைத்துப் பல வருடம் ஆகிறது. பிரம்பை நானே ஒடித்து அடுப்பில் போட்டேன், வீட்டுக்காரி பாக்கியம் சாட்சி.

என் வகுப்பில் வரிசை உண்டு. முதல் பெஞ்சிலிருந்து ஆளுக்கொரு வரி வாசிக்க வேண்டும். தெரியாதவன் எழுந்து நிற்க வேண்டும். சரியாக வாசித்தவன், நிற்கிறவர்கள் தலையில் ஆளுக்கொரு குட்டு வைத்துவிட்டு வந்து உட்காரலாம். அவ்வளவுதான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. 'குட்டு வரிசை' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் வருவதற்குள் முக்கால்வாசிப் பேர் கடகடவென்று வாசிப்பார்கள். மற்ற வகுப்புகளில் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இந்த வருடம் முதல் பெஞ்சில் இசக்கியம்மாள் என்று ஒன்று. தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடம் பள்ளிக்கூடம் வந்தும் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாடம் தொடங்கும்போது எழுந்தால் மணி அடிக்கும்போதுதான் உட்காருகிறாள். வகுப்பு மொத்தமும் அவள் தலையில் குட்டிவிட்டுப் போகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இரும்பு மண்டை.

ஜூன் 24, செவ்வாய்

கடைவாய்ப் பல் கொல்கிறது. கிராம்பைக் கடித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், வாயே திறக்கவில்லை. வரிசை அதுபாட்டுக்கு நடந்தது.

ஜூலை 2, புதன்

மோட்டார்க்காரன் வந்தான். பார்த்தான். சாமான் வாங்கப் போனவன்தான், ஆளைக் காணோம்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் ஜெபராணி. சின்ன வயது, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. தோளில் ஒரு பை, பை நிறையப் படங்கள், மணல் அட்டை, சதுரக்கட்டை. இனி புதன்தோறும் வருவாளாம். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துப் பயிற்சி கொடுப்பாளாம். 'கூட்டிட்டுப் போங்க தாயே, இந்தப் புண்ணியமாவது கிடைக்கட்டும்' என்று இசக்கியை அனுப்பிவைத்தேன்.

மதியம் வரைக்கும் வராந்தாவில் உட்காரவைத்து என்னென்னவோ கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், இந்தப் பிள்ளை மக்கு இல்ல. ஒரு கதை சொன்னேன், ஒரு வார்த்தை விடாமத் திருப்பிச் சொல்லுதா. வாய்க்கணக்கு டக்கு டக்குன்னு போடுதா. எழுத்து மட்டும் கண்ணுல நிக்க மாட்டேங்கு. கண்ணால படிக்க முடியலைன்னா கையால படிக்க வச்சுப் பாப்போம்."

"கையாலயா? நான் இருபத்தெட்டு வருசமா வாத்தியார் வேலை பாக்கேன் தாயே. பெஞ்சைத் தேய்க்கதுன்னே சில உருப்படிகள் வரும்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். ஃபேன் சுவிட்சப் போடலாம்னு கையத் தூக்குனேன். பிள்ளை அப்படியே குனிஞ்சு ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டா. யாரோ தலையிலயே அடிக்காங்க. வீட்ல எப்படி?"

"வீட்டில் எப்படியோ, யார் கண்டது" என்றேன். அது உண்மைதான். அவர்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 9, புதன்

இசக்கியின் தாய் செல்லத்தாயை வரச்சொல்லியிருந்தார்கள். பாதி நாள் லீவு போட்டு வந்திருந்தாள். எச்.எம். அறையில் ஜெபராணி, நான், அந்தப் பெண்.

ஜெபராணி முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள். "இங்க பாரு மக்கா. உன்னை யாரு அடிக்கா? பயப்படாமச் சொல்லு."

இசக்கி என்னைப் பார்த்தாள். "யாரும் அடிக்கல டீச்சர்."

செல்லத்தாய் அழ ஆரம்பித்துவிட்டாள். "சத்தியமாச் சொல்றேன் டீச்சர், நான் கை நீட்டுனதே கெடையாது. தகப்பன் இல்லாத பிள்ள. தலையில எண்ண வைக்கையில கட்டி கட்டியாத் தட்டுப்படுது. பேன் புண்ணாக்கும்னு வேப்பெண்ண போட்டு விட்டேன். இப்ப நீங்க சொல்லும்போதுதான்..."

"வீட்ல வேற யாரும்மா இருக்கா?"

"என் தம்பி சுடல. எங்கூடத்தான் குச்சி ஆபீசுல வேல பாக்கான்."

"குடிப்பாரா?"

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "சனிக்கெழம சனிக்கெழம கொஞ்சம்..."

ஜெபராணியும் எச்.எம்.மும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எச்.எம். சத்தம் போட்டார், "அப்பம் அவன்தான். நீ வேலைக்குப் போன நேரம் பாத்து அடிச்சிருக்கான். பிள்ளை பயந்துக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கு." செல்லத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. இன்று தட்டு வரிசையைப் பார்க்க வேண்டியது என் முறை, ஆகவே போய்விட்டேன். முட்டை அழுகிப்போய் நாலைந்து வந்திருந்தது. அதைப் பிரித்துத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

டீக்கடையில் இதே பேச்சுத்தான்.

பள்ளிக்கூடத்தில் பேசினது காதுக்குப் போய், நேற்றுச் சாயங்காலம் செல்லத்தாயின் கொழுந்தன்மார்கள் வந்திருக்கிறார்கள். இறந்துபோன அண்ணன் பிள்ளையை எவனோ அடிக்கிறான் என்றால் விடுவார்களா? சுடலை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவனைத் தெருவிலேயே மறித்து மின்கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். சைக்கிள் செயினால் அடித்தார்களாம். முகம் கிழிந்து தொங்கியதாம். "பச்சப் பிள்ளைய அடிச்ச கை எதுலே? இதானா?" என்று கேட்டு, அவன் வலது கையைக் கல்லின் மேல் வைத்து விறகுக்கட்டையால் அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். அவன் கத்தினது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது என்று டீ மாஸ்டர் சொன்னார்.

"அந்தப் பொட்டப்பிள்ள மாமா அடிக்கல, மாமா அடிக்கலன்னு அவன் காலக் கெட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சாம் சார். அவ்வளவு பயங்காட்டி வச்சிருக்கான் பாருங்க."

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன். அதையும் குடிக்க முடியவில்லை, பல்வலி.

குடிகாரன்தானே. இன்றில்லாவிட்டால் நாளை வேறு எதற்காவது பட வேண்டியவன்தான்.

ஜூலை 14, திங்கள்

இசக்கி வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வரவில்லை. மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் செம்மண் கலராக வருகிறது.

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்ததும் யாரும் சொல்லாமல் எழுந்து நின்றாள். எனக்கு என்னவோ போலிருந்தது. "இன்னைக்கு வரிசை கிடையாது, எல்லாரும் பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். தொண்டை வேறு சரியில்லை.

ஜூலை 30, புதன்

பாக்கியம் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையை எல்லாம் ஒரு பையில் கட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஜெபராணி கேட்டாள் என்றேன். "ஒரு காரியமாவது உருப்படியாச் செய்றீகளே" என்றாள். என் வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இது.

ஜெபராணி செய்வது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அட்டையில் பசை தடவி, நேர்கோட்டுக்கு மருந்து முக்காத தீக்குச்சி, வளைவுக்குப் புளியங்கொட்டை என்று ஒட்டி எழுத்து செய்கிறாள். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறாள். பிள்ளை துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவ வேண்டும். "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு மக்கா. கண்ணு உன்னை ஏமாத்தும். வெரலு ஏமாத்தாது." இசக்கி தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். "இது மேல தெறந்து கெடக்கு... இது 'ப'. இதுல பக்கத்துல ஒரு சுழி இருக்கு... 'ம' டீச்சர்!"

சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். கண்ணில் ஏதோ தூசி.

ஆகஸ்ட் 6, புதன்

மாத இறுதியில் வாசிப்புத் திறன் பார்க்க மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்களாம். வகுப்பு தூங்கி வழிகிறது. கோகுல் கேட்டான், "சார், வரிசை எப்ப சார்?" அவன்தான் என் வகுப்பிலேயே கெட்டிக்காரன். குட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். நாளையிலிருந்து மறுபடியும் வைக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வரிசை வைத்தேன். "கையைக் கொஞ்சம் மெதுவா வைங்கலே" என்று சொல்லித்தான் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இசக்கி துண்டுக்கு அடியில் மூன்றெழுத்து வார்த்தைகளைப் படிக்கிறாள். படம், மரம், பழம். துண்டை எடுத்துவிட்டால் திணறுகிறாள்தான், ஆனாலும் விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறாள். எச்.எம்.மிடம் நானே போய்ச் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளை அல்லவா? இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பிள்ளை தேறி நான் பார்த்ததில்லை. உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது.

வரிசையில் மட்டும் இன்னும் நிற்கத்தான் செய்கிறாள். புத்தகத்து எழுத்து பொடியாக இருக்கிறது.

ஜெபராணி கிளம்பும்போது சொன்னாள், "தலையில புதுசாப் புண்ணு இருக்கு சார். அந்தத் தம்பி கையில கட்டுப் போட்டுப் படுத்த படுக்கையா இருக்காரு. பெறகு யாரு அடிக்கா?"

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டதில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளை ஜெபராணிக்கு ஒரு வேடிக்கை காட்டப்போகிறேன். இசக்கிக்கும்தான். எத்தனை நாளாக வாங்கிக்கொண்டு நிற்கிறாள் பாவம்! வகுப்பு மொத்தத்தையும் துண்டுக்கு அடியில் கைவிட வைக்கிறேன். ஒரு பயலுக்கும் வராது. கண்ணால் படித்தவன்களுக்குக் கை எங்கே வேலை செய்யும்? இசக்கி ஒருத்திதான் சொல்லுவாள். அதற்கப்புறம் வரிசைப்படி எல்லோர் தலையிலும் குட்ட வேண்டியது அவள்தான். அந்த நேரம் பார்த்து ஜெபராணி வாசலில் வந்து நிற்க வேண்டும். என் வகுப்பில் நியாயம் எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும்.

பாக்கியத்திடம் சொன்னேன். "குட்டா? என்ன குட்டு?" என்றாள். இவளுக்கு எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நினைத்தபடியேதான் தொடங்கியது. 'பூசணி' என்று ஒட்டிய அட்டை, மேலே துண்டு. கோகுல் தடவிப் பார்த்து உளறினான். எல்லாரும் உளறினார்கள். மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. இசக்கி கண்ணை மூடித் தடவினாள். "பூசணி" என்றாள். நான் கைதட்டினேன். "ஆங், அப்படிப் போடு! இன்னைக்கு உன் நாள். போ, எல்லாருக்கும் வை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "எல்லாருக்குமா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

முதல் நாலைந்து பேருக்குப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டே போனாள். கோகுலிடம் வந்ததும் நின்றாள். அவன் முடியை இடது கையால் பற்றி இழுத்துக் குனியவைத்தாள். ஓங்கி ஒரு குட்டு. "இது நேத்தைக்கு." இன்னொன்று. "இது முந்தாநேத்தைக்கு." அவன் அலறினான். அவள் விடவில்லை. குட்டு குட்டாக இல்லாமல் முஷ்டியாகிவிட்டது. "இது சரசுவதி பாடத்துக்கு. இது வாய்க்காப் பாடத்துக்கு." அவன் மூக்கு பெஞ்சு விளிம்பில் இடித்து ரத்தம் கொட்டியது. சட்டையெல்லாம் ரத்தம். அவள் அவனைத் தூக்கித் தூக்கி மறுபடி மறுபடி இடித்தாள். கடைசியாகக் கத்தினாள், அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. "இது எங்க மாமாவுக்கு! எங்க மாமா கைக்கு!"

நான் என்ன செய்தேன்? எழுந்திருக்கவில்லை. "பிடிங்கலே அவளை!" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிடிங்க என்றுதான் சொன்னேன்.

முப்பது பேரும் அவள் மேல் விழுந்தார்கள். பிடித்தது யார், அடித்தது யார் என்று தெரியவில்லை. ஸ்கேலால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள், ஒருத்தி பரீட்சை அட்டையால் காதில் அறைந்தாள். இசக்கி கீழே கிடந்தாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ஜெபராணிதான் பாய்ந்து வந்து ஒவ்வொருவராகப் பிய்த்துப் போட்டாள். நான் எதிர்பார்த்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றுதான் இருக்கிறாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன சார்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்பெஞ்சுச் சின்னப்பெண் ஒருத்தி ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள், "குட்டு வரிசை டீச்சர். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சவங்க குட்டணும். இசக்கிக்கு நாங்க எல்லாரும் தெனமும் குட்டுவோம்."

ஜெபராணி பிள்ளையின் காதைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தாள். பிறகு பேசினபோது என்னிடம் பேசவில்லை. "நான்தானே அவங்க வீட்ட மொதல்ல சந்தேகப்பட்டேன்... அந்த ஆளு கைய ஒடிச்சாங்களே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி எச்.எம். ஆள் அனுப்பினார். "மாணவர்களிடையே ஏற்பட்ட கைகலப்பு" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. பாக்கியம் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஜெபராணி காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "நான் போயி என் தப்பச் சொல்லியாச்சு. உங்க தப்ப நீங்கதான் சொல்லணும். வாங்க சார்" என்றாள். பாக்கியம் என் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

ஒற்றை அறை வீடு. தீக்குச்சி அடுக்கும் மரக்கட்டைகள் ஒரு ஓரமாகக் கிடந்தன. சுடலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கையில் மாவுக்கட்டு, முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தையல் தழும்பு. செல்லத்தாய் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. இசக்கி காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வகுப்பில் பிள்ளைகள் விளையாட்டுத்தனமாக..." என்று தொடங்கினேன்.

"பிள்ளைகள் இல்ல சார்" என்றாள் ஜெபராணி.

சொன்னேன். வரிசை வைத்தது நான் என்று சொன்னேன். அன்று எச்.எம். அறையில் எனக்குத் தெரிந்திருந்தும் எழுந்து போனேன் என்று சொன்னேன். உங்கள் தம்பி அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். செல்லத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கத்தியிருந்தால், செருப்பை எடுத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சுடலை எழுந்தான். என் பக்கம் வந்து இடது கையை ஓங்கினான். நான் குனிந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன்.

அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அப்போதுதான் இசக்கி என்னிடம் வந்தாள். எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க சார். அப்பத்தான் தெரியும்."

மூடினேன். முடிக்கு அடியில் விரலுக்கு விரல் புண்கள் தட்டுப்பட்டன. சில காய்ந்திருந்தன, சில இன்னும் ஈரமாக இருந்தன. விரல் நிற்கிற இடத்திலெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது கோகுல். இது மதுமிதா. இதும் கோகுல். இது சந்தோஷு, அவன் மோதிரம் போட்டிருப்பான். இது யாருன்னு தெரியல, அன்னைக்கு நெறையப் பேரு." ஒரு பெயரையும் அவள் மறக்கவில்லை. என் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

செல்லத்தாயும் அதற்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சார் குட்டுனது எதுட்டீ?"

இசக்கி தலையைத் திருப்பி அவள் தாயை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சார் குட்ட மாட்டாகம்மா. சார் யாரையும் அடிக்கவே மாட்டாக."

என் கை அவள் தலையிலேயே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை.